நடுக்குளிரில் கேலும் நார்ச்சியும்

தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க் வந்து எட்டு மாதம் ஆகிறது. மத்தியானத்துக்குச் சோற்றைக் குறைத்துக்கொண்டு சாலட் சாப்பிடலாம் என்று கேல் கீரை வாங்கினால் ரப்பரைக் கடிப்பது போல இருக்கிறது. பழம் சேர்த்தால் தண்ணீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது. போதாக்குறைக்கு, “இந்தக் குளிரில் பச்சைக்கீரை தின்றால் சளி பிடிக்காதா?” என்று மாமியார் வேறு கேட்கிறார். இதுதானே உங்கள் கேள்வி? நாலும் நியாயமான புகார்தான். நாலுக்கும் ஒரே வைத்தியம் போதும்: சாலட்டைக் குளிரவைக்காதீர்கள், தாளியுங்கள்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரி. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 19 வருஷமாகக் குடித்தனம். அதில் பாதிக் காலம் அலுவலகங்களுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். தொழில் தொடங்கிய முதல் குளிர்காலத்தில் 40 டப்பா சாலட் வேண்டும் என்று ஓர் இடத்திலிருந்து கேட்டார்கள். பெரிய சாமர்த்தியசாலி மாதிரி முந்தின ராத்திரியே எல்லாவற்றையும் நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, உப்புப் போட்டுக் கலந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் திறந்தால் லெட்டியூஸ் துவண்டுபோய் ஆரஞ்சுச் சாற்றில் மிதக்கிறது. அவகாடோ கறுத்துக் கிடக்கிறது. அதையும் டப்பாவில் அடைத்து அனுப்பினேன், அந்த வயதில் அவ்வளவு தைரியம். சாயங்காலம் முக்கால்வாசி டப்பாக்கள் தொடப்படாமல் திரும்பி வந்தன. வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்திருந்தவள், மிஞ்சிக் கிடந்த ஒரு கட்டுக் கேலைக் கிள்ளிப் போட்டு, கடுகும் மிளகாயும் தாளித்துக் கொட்டி, கையால் பிசைந்து சாப்பிட்டேன். இன்றுவரை நான் செய்கிற குளிர்கால சாலட் அதுதான்.

யோசித்துப் பார்த்தால் இதில் புதுசாக ஒன்றுமில்லை. ராமநவமிக்குக் கோசுமல்லி செய்கிறோமே, அது சாலட் இல்லாமல் வேறென்ன? ஊறிய பாசிப்பருப்பு, வெள்ளரி, மாங்காய், எலுமிச்சை, மேலே கடுகு தாளிப்பு. ஆனால் அது வெயிலுக்கான கூட்டணி. இங்கே காலம் தலைகீழ். ஆடி மாதம் நடுக்குளிரில் வருகிறது. எங்கள் நேட்டால் பக்கத்து மாரியம்மன் கோயில்களில் ஆடிக்கூழ் ஊற்றும்போது பார்த்தால், ஊரில் வெயிலுக்கு ஊற்றுகிற அதே கூழை இங்கே சூடாக வாங்கி, இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கோசுமல்லியையும் அப்படித் திருப்பிப் போடுங்கள். வெள்ளரி இருந்த இடத்தில் கேல், பருப்பு இருந்த இடத்தில் வெந்த பீன்ஸ் பயறு, மாங்காய் இருந்த இடத்தில் நார்ச்சிப் பழம். தாளிப்பு இருந்த இடத்தில் தாளிப்பேதான்.

முதலில் கீரை. இங்கே கடையில் ‘ஸ்பினாச்’ என்று பெரிய பெரிய இலையாகக் கட்டி வைத்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது பாலக்கும் இல்லை, பசலையும் இல்லை. ஸ்விஸ் சார்ட். பீட்ரூட்டும் அதுவும் ஒரே செடியினம். ஒன்றைக் கிழங்குக்காக வளர்த்தார்கள், மற்றதை இலைக்காக. அதில் ஆக்சாலிக் அமிலம் அதிகம். முற்றிய இலையைப் பச்சையாகத் தின்றால் பல்லெல்லாம் கூசி, சுண்ணாம்பு தடவின மாதிரி ஆகிவிடும். கொதிக்கிற உப்புத் தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கியெடுத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இலையை ஒட்டப் பிழிந்து சேர்த்தால் நன்றாக இருக்கும். சின்ன இலையாகப் பையில் அடைத்து ‘பேபி ஸ்பினாச்’ என்று விற்பதுதான் நிஜமான ஸ்பினாச். அதைப் பச்சையாகவே போடலாம், ஆனால் சூடான தாளிப்புப் பட்டதும் சுருண்டு காணாமல் போகும். முளைக்கீரை வகையை டர்பன் தமிழர்கள் ‘ஹெர்ப்ஸ்’ என்பார்கள். ஜூலுக்காரர்கள் சமைக்கிற இமிஃபினோ என்ற கீரைக் கலவையிலும் அது உண்டு. அது கோடைக்கீரை, உங்கள் ஊர் உறைபனிக்குத் தாங்காது. ஜூலையில் அதைத் தேடி அலைய வேண்டாம்.

குளிருக்குப் பிறந்தது கேல்தான். முட்டைக்கோஸ், கடுகுக்கீரை எல்லாம் அதன் பங்காளிகள். உறைபனி விழுந்தால் மற்றச் செடிகள் கருகும். கேல் தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி வைத்துக்கொண்டு தப்பித்துக்கொள்ளும். சர்க்கரை கரைந்த சாறு சுலபத்தில் உறையாது என்பதுதான் அதன் சூட்சுமம். அதனால் டிசம்பரில் வாங்கும் கேலைவிட ஜூலை கேல் கசப்புக் குறைவாக, கொஞ்சம் தித்திப்பாகவே இருக்கும். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காலையில் புல்தரை வெள்ளையாக இருந்தால் நீங்கள் நடுங்குங்கள், உங்கள் கேல் சந்தோஷப்படும்.

ரப்பர் மாதிரி இருப்பதற்குக் காரணம், அந்த இலை மேல் ஒரு மெழுகுப் பூச்சு இருக்கிறது. தண்ணீர் தெளித்துப் பாருங்கள், தாமரை இலையில் உருளுவது போல முத்து முத்தாக உருண்டு ஓடும். எலுமிச்சைச் சாறும் அப்படித்தான் ஓடிப்போய்க் கிண்ணத்தின் அடியில் தேங்குகிறது. இலைக்குள் போவதே இல்லை. ஆகவே பிசைய வேண்டும். ஒரு கட்டை எடுத்து, நடு நரம்பைப் பிடித்துக்கொண்டு இலையை இரண்டு பக்கமும் உருவி எடுங்கள். முருங்கைக்கீரை உருவத் தெரிந்த கைக்கு இது ஒரு வேலையே இல்லை. நன்றாக அலசி, உதறி, சாம்பாருக்குக் கீரை அரிவதைவிடச் சற்றுப் பெரிதாக அரிந்து, அரைத் தேக்கரண்டி உப்பும் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் விட்டு, துணிக்குச் சோப்புப் போடுவது போல இரண்டு கையாலும் பிசையுங்கள். முதலில் மொறமொறவென்று சத்தம் வரும். ஒரு நிமிஷத்தில் அந்தச் சத்தம் அடங்கும். சாம்பல் பூத்த பச்சை மாறி, ஈரமான கரும்பச்சை வரும். கிண்ணம் நிறைய இருந்தது பாதிக் கிண்ணமாக இறங்கியதும் நிறுத்திவிடுங்கள். மூன்று நிமிஷத்துக்கு மேல் போனால் துவையலுக்கு அரைத்த மாதிரி ஆகிவிடும். ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். கடிபட வேண்டும், ஆனால் மல்லுக்கட்டக் கூடாது.

இப்போது பழம். இந்த நாட்டில் குளிர்காலம்தான் புளிப்புப் பழங்களின் காலம். நீங்கள் ரோபோட்டில் நிற்கும்போது (சிக்னல் விளக்குக்கு இங்கே அதுதான் பெயர் என்று இந்நேரம் பழகியிருப்பீர்கள்) வலைப்பையில் ஆரஞ்சு நிறப் பழங்களைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஒருவர் ஜன்னலுக்கு வருவாரே, அதுதான் நார்ச்சி. நம் ஊர்க் கமலா ஆரஞ்சு ஜாதி. தோல் தளர்ந்து, கையாலேயே உரியும். அந்தப் பெயரை ஆப்பிரிக்கான்ஸ் மொழிக்காரர்கள் தங்கள் சொல் என்று நினைத்துப் பேசுகிறார்கள். அகராதியைப் புரட்டினால், மூலம் தமிழ் நாரத்தை என்று போட்டிருக்கும். கரும்புத் தோட்டக் கூலிவேலைக்கு நம்மவர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைக்கு வந்தது 1860 நவம்பர் 16. இந்தச் சொல் அதற்கும் முன்னாலேயே, கேப் டவுன் இருக்கிற கேப் பக்கம் வந்துவிட்டது. டச்சுக்காரர்கள் 1652இல் கேப்பில் இறங்கினார்கள், 1658இல் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகளாகவும் ஆட்களைக் கேப்புக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் போக்குவரத்தில் பழத்தின் பேரும் ஏறி வந்திருக்க வேண்டும். ஊறுகாய் போடும் நம் நார்த்தங்காய் வேறு, இது வேறு. ஆனாலும் நார்ச்சித் தோலை நகத்தால் கீறி முகர்ந்து பாருங்கள், பட்டுக்கோட்டையில் எங்கள் ஆத்தா நார்த்தங்காய் நறுக்கிய திண்ணை எனக்கு ஞாபகம் வரும். அந்தத் தோலை எறியாதீர்கள். கேப் சமையலில் காயவைத்துப் பொடித்துச் சர்க்கரைவள்ளியிலும் பாகிலும் போடுவது பழைய வழக்கம். இந்தச் சாலட்டுக்கும் ஒரு சிட்டிகை போதும்.

சாலட்டில் பழம் தண்ணீர் விடுவதற்கு நீங்கள்தான் காரணம், பழம் இல்லை. உப்புப் பட்டால் எந்தப் பழமும் அழும். ஆகவே உப்பெல்லாம் கீரையோடு முடிந்துவிட வேண்டும். நார்ச்சியைச் சுளை சுளையாகப் பிரித்து, விதை எடுத்து, வெள்ளை நாரை உரித்து, கடைசி நிமிஷத்தில் மேலே வையுங்கள். கிளறாதீர்கள். நேவல் ஆரஞ்சாக இருந்தால் கத்தியால் தோலைச் சீவி வட்டம் வட்டமாக அரியலாம். கொய்யாவுக்கும் இதுதான் காலம். உள்ளே சிவந்த, லேசாகக் காயாக உள்ளதைத் துண்டுபோட்டு, மிளகாய்த்தூள் தொட்டுச் சேர்த்தால் ஊர்ப் பள்ளிக்கூட வாசல் மாதிரி இருக்கும். ஆப்பிளும் பேரிக்காயும் எல்ஜின், செரெஸ் பக்கத்துத் தோட்டங்களில் மார்ச், ஏப்ரலிலேயே பறித்துக் குளிர்கிடங்கில் வைத்தவை. அதில் குற்றமில்லை, மொறுமொறுப்புக்கு ஆப்பிள் நல்லது. ஸ்ட்ராபெர்ரி மட்டும் வேண்டாம். தாளிப்புப் பட்டதும் கூழாகிவிடும்.

அவகாடோ பற்றி ஒரு விஷயம், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதில் தோற்கிறார்கள். ஹாஸ் என்ற ஜாதி பழுத்தால் தோல் கறுக்கும். ஃபுவெர்டே என்ற ஜாதி பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும். அது கறுக்கட்டும் என்று காத்திருந்தால் உள்ளே அழுகிப்போகும். காம்புப் பக்கம் கட்டைவிரலால் மெதுவாக அமுக்குங்கள். லேசாக விட்டுக்கொடுத்தால் அன்றைக்கே வெட்டுங்கள்.

அடுத்தது உங்கள் பசி. இலையும் பழமும் மட்டும் சாப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் பசிக்கத்தான் செய்யும், அதில் வயிற்றைத் தாங்க என்ன இருக்கிறது? இரண்டு பொருள் சேருங்கள். ஒன்று பட்டர்நட். பூசணி ஜாதிதான், ஆனால் நம் பரங்கியைவிடத் தண்ணீர் குறைவு. அரைக்கிலோவைத் தோல் சீவி, கோலிக்குண்டு அளவுக்கு நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், உப்பு, வறுத்து நசுக்கிய சீரகம் எல்லாம் புரட்டி, 200 டிகிரி ஓவன் அடுப்பில் அரை மணிக்கு மேல் விடுங்கள். தட்டில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள், இல்லாவிட்டால் வெந்துவிடும், வறுபடாது. ஓரம் கருக வேண்டும். அந்தக் கருகலில்தான் ருசி. இந்த வீடுகளில் வெளியைவிட உள்ளேதான் குளிர் அதிகம், அடுப்பு எரிகிற அரை மணி நேரம் சமையலறையாவது சூடாகும்.

இன்னொன்று சுகர் பீன்ஸ், ராஜ்மா ஜாதிப் பயறு. டர்பனில் பன்னி சௌ தின்றிருந்தால் தெரியும், பாதி ரொட்டியைக் குடைந்து அதற்குள் ஊற்றுகிற சைவக் குழம்பு பெரும்பாலும் இந்தப் பயறில்தான். ராத்திரி ஊறவைத்து, குக்கரில் குழையாமல் வேகவைத்து ஒன்றரைக் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வேகாத பீன்ஸ் வயிற்றைப் புரட்டிவிடும், அதனால் ‘கடிபடட்டும்’ என்று பாதி வேக்காட்டில் இறக்காதீர்கள். கொண்டைக்கடலை போட்டாலும் சரி. பருப்பு வகையில் மக்கடேமியா, பீகான் இரண்டுமே இந்த நாட்டில் விளைகின்றன. வறுத்த வேர்க்கடலைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன், விலையைப் பார்த்தால் அதுதான் புத்திசாலித்தனம்.

தாளிப்புக்கு வருவோம். நாலு பேருக்கு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். நல்லெண்ணெய் கிடைத்தால் பாதி அது, பாதி சூரியகாந்தி. கடுகு ஒரு தேக்கரண்டி, வெடித்து முடிந்ததும் சீரகம் அரை, இரண்டு காய்ந்த மிளகாய் கிள்ளியது, ஒரு துண்டு இஞ்சி மெல்லிசாக நறுக்கியது, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. டர்பன் வீடுகளில் கொல்லையில் கறிவேப்பிலை மரமே நிற்கும். உங்கள் பக்கம் உறைபனி அதைக் கொன்றுவிடும், தொட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் சுவரோரமாக உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். இஞ்சி சிவந்ததும் அடுப்பை அணைத்து, ஒரு நிமிஷம் பொறுத்து, இரண்டு நார்ச்சியின் சாறும் ஒரு மேசைக்கரண்டி வினிகரும் ஒரு தேக்கரண்டி தேனும் விடுங்கள். அந்த ஒரு நிமிஷம் பொறுக்காவிட்டால் எண்ணெய் தெறித்துக் கையைச் சுடும். எனக்கு வலது மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது. கைபொறுக்கும் சூட்டில் அதைக் கேல் மேல் ஊற்றிப் புரட்டுங்கள். மெழுகுக்குத் தண்ணீர்தான் பகை, எண்ணெய் சிநேகிதம். அதுவும் சூடான எண்ணெய் என்றால் இலை முழுக்க ஒட்டிக்கொள்ளும். கேலும் கடுகும் ஒரே குடும்பம் என்பதால் வாசனையும் சண்டை போடாது. பீன்ஸையும் அடுப்பிலிருந்து வந்த பட்டர்நட்டையும் சூட்டோடு சேருங்கள். மேலே நார்ச்சிச் சுளை மூன்று பழத்துக்கு, அவகாடோ ஒன்று, கடலை ஒரு கைப்பிடி, கொத்தமல்லித்தழை. கடையில் ‘தனியா’ என்று கேட்டால் தழையைத்தான் கொடுப்பார்கள், ஊரில் மாதிரி விதையை இல்லை.

மாமியாருக்குப் பதில். சளி வைரஸால் வருகிறது, கீரையால் இல்லை. ஆனாலும் அவர் சொல்வதைத் தள்ளாதீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற இலையை எட்டு டிகிரி குளிரில் தின்றால் பல்லும் தொண்டையும் முறையிடத்தான் செய்யும். கோஸ் குடும்பத்துக் கீரை வயதானவர்களுக்கு வாயுவும் கொடுக்கும். இஞ்சியையும் சீரகத்தையும் நான் அதற்காகவே விடாமல் போடுகிறேன். அவர் பங்குக் கேலை மட்டும் தாளித்த அதே சட்டியில் இரண்டு நிமிஷம் வதக்கிக் கொடுங்கள். கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டுவதற்கு நார்ச்சியின் வைட்டமின் சி உதவும் என்றும் சொல்லிப் பாருங்கள், ஒப்புக்கொள்வார்.

மருந்து விஷயத்தில் மட்டும் கவனம். கொழுப்புக்குச் சிம்வாஸ்டாடின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் நார்ச்சிக்குப் பதிலாகக் கிரேப்ஃபுரூட் போடாதீர்கள்; அது மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் எடுப்பவர்கள் கேல், ஸ்பினாச் வகையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும். சர்க்கரை இருப்பவர்கள் தேன் சேர்க்காமல் சுளையைச் சாப்பிடலாம்.

அலுவலகத்துக்குக் கொண்டுபோவதானால், பிசைந்து தாளித்த கேல், பீன்ஸ், பட்டர்நட் மூன்றையும் ராத்திரியே டப்பாவில் போடலாம். லெட்டியூஸ் மாதிரி கேல் துவளாது, மறுநாள் ருசி கூடத்தான் செய்யும். நார்ச்சியை உரிக்காமல் முழுசாகக் கொண்டுபோங்கள், அவகாடோவை அங்கே போய் வெட்டுங்கள். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள்.

மிஞ்சினால், பழத்தையும் அவகாடோவையும் பொறுக்கி எடுத்துவிட்டு, மீதியைச் சட்டியில் போட்டு ஒரு பிடி பழைய சோற்றோடு பிரட்டுங்கள். என் வீட்டில் சாலட்டைவிட அதற்குத்தான் போட்டி.